கணக்கு வராதவர்கள் எடுக்கும் குரூப்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் கள்ளக்குறிச்சியில் எந்த மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "பொண்ணுக்குக் கணக்கு வருமா?" "சுமாருங்க." "அப்ப பியூர் சயின்ஸ் போட்டுடுங்க, நீட்டுக்குப் போகலாம்." கணக்கு நன்றாக வருகிற பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் குரூப். இன்ஜினியரிங்கும் போகலாம், மெடிக்கலும் போகலாம் என்று இரண்டையும் கையில் வைத்துக்கொள்வார்கள். கணக்கு என்றால் காய்ச்சல் வருகிற பிள்ளைக்குத் தாவரவியல், விலங்கியல். டாக்டருக்குப் படிப்பது கணக்கிலிருந்து தப்பிக்கிற வழி என்று ஒரு நம்பிக்கை நம் வீடுகளில் எப்படியோ ஊறிவிட்டது. பல ஆண்டுகள் மருத்துவ மாணவர்களுக்குச் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

விதிப்படி பார்த்தால் பெற்றோர் மேல் தப்பில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் கொண்டுவந்த இளநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை கேட்பது இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், கூடவே ஆங்கிலம். கணிதம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அதே ஆண்டு நவம்பரில் ஆணையம் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. பிளஸ் டூவில் உயிரியல் படிக்காமல் கணிதம் படித்தவர்களும், பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம். ஆக, கணக்குப் பிள்ளை உயிரியலைக் கற்றுக்கொண்டு வரவேண்டும். உயிரியல் பிள்ளையிடம் கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டின் பழைய முறையும் இதுதான். 1978இல் பிளஸ் டூ வந்த பிறகு மருத்துவத்துக்கான கட்-ஆஃப் 200க்குப் போடப்பட்டது: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இன்ஜினியரிங் கட்-ஆஃபில் உயிரியல் இருந்த இடத்தில் கணிதம். 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் போனது, 2017இலிருந்து நீட் வந்து உட்கார்ந்திருக்கிறது. இத்தனை மாற்றத்திலும் மருத்துவ இடத்துக்குக் கணித மதிப்பெண்ணை யாரும் எண்ணியதில்லை.

ஆனால் நீட் வினாத்தாளைப் பிரித்துப் பாருங்கள். 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் 45 கேள்வி, அதாவது கால் பங்கு, இயற்பியல். கால்குலேட்டர் கிடையாது. வெக்டரும், மடக்கையும், வகையீடும், தோராயமாகப் பெருக்கி வகுக்கிற வேகமும் இல்லாமல் அந்த 45ஐத் தாண்ட முடியாது. நம் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்திலேயே இயக்கவியல் பாடத்துக்கு நடுவில் வெக்டரும் வகை நுண்கணிதமும் சில பக்கங்களுக்கு வந்துவிட்டுப் போகின்றன. ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளை அதையே பக்கத்துப் பீரியடில் கணக்கு வாத்தியாரிடம் நிதானமாகக் கற்றுக்கொள்கிறது. பியூர் சயின்ஸ் பிள்ளைக்கு அந்தச் சில பக்கம்தான் முதலும் கடைசியும். "பயாலஜியில முந்நூறு வாங்கிட்டான் சார், ஃபிசிக்ஸ்தான் காலை வாரிடுச்சு" என்று சொல்லாத ரிப்பீட்டர் வீடு இந்த மாவட்டத்தில் இருக்கிறதா? கணிதம் தேவையில்லை என்று விதி சொல்கிறது; தேவை என்று வினாத்தாள் சொல்கிறது. இடையில் இருக்கிற தூரத்தைப் பணம் உள்ளவர்கள் கோச்சிங் சென்டரில் கடக்கிறார்கள்.

போகிற போக்கில் ஒன்று. சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 கழியும், நான்கு விடைகளில் ஒன்று சரி. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கு கேள்விக்குச் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4 வந்து 3 போய் 1 மிஞ்சும். நூற்றெண்பதுக்கும் அப்படியே குறித்தால் சராசரி 45 மதிப்பெண். தெரியாததை விட்டுவிடு என்று அறிவுரை சொல்கிற அண்ணன்மார்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு விடையாவது நிச்சயம் தப்பு என்று தெரிந்தால் குறிப்பதுதான் லாபம்.

சரி, இடம் கிடைக்கிறவரையில் உள்ள கணக்கு இது. வெள்ளைக் கோட்டு போட்ட பிறகு என்ன கணக்கு வருகிறது?

கருணாபுரம் நமக்குப் பக்கத்துத் தெரு. 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அங்கேயும் சுற்றுப்பக்கத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நேரத்தில் சிதைகள் எரிந்ததை இங்கே இருக்கிற பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். நோயாளிகள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கும், சேலத்துக்கும், முண்டியம்பாக்கத்துக்கும், ஜிப்மருக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். நம் கல்லூரி 2022 ஜனவரி 12ஆம் தேதி மற்றப் பத்துக் கல்லூரிகளோடு திறக்கப்பட்டது. அங்கே முதலில் சேர்ந்த மாணவர்கள் கருணாபுரம் நடந்தபோது இன்னும் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் யார் எதைச் செய்தார்கள், செய்யவில்லை என்று பேச நான் வரவில்லை. அதற்கு விசாரணைகள் இருக்கின்றன. மெத்தனால் உள்ளே போன ஒரு மனிதர் வந்தால் கேஷுவாலிட்டியில் நிற்கிற இளம் மருத்துவர் என்ன கணக்குப் போடவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

மெத்தனாலை விட அது உடம்புக்குள் மாறி உண்டாகிற ஃபார்மிக் அமிலம்தான் கொல்வது. கண் நரம்பைக் கருக்குவதும் அதுதான். மாறுவதற்கு நேரம் பிடிக்கும், பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட. அதனால் சீக்கிரமாக வருகிறவர் "ஒன்னுமில்ல சார், லேசா தலை சுத்துது" என்பார். முகத்தைப் பார்த்தால் வெறும் போதை போலத்தான் இருக்கும். ரத்தத்தில் மெத்தனால் எவ்வளவு என்று அளக்கிற கருவி நம் ஊர் மருத்துவமனைகளில் அன்றாடம் கிடைப்பதில்லை. ஆகவே வேறு சோதனைகளின் எண்களிலிருந்து கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

முதல் கணக்கு: சோடியம் 140, குளோரைடு 100, பைகார்பனேட் 8. சோடியத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 32. சாதாரண மனிதருக்குப் பன்னிரண்டை ஒட்டி இருக்கவேண்டியது. மிச்சமிருக்கிற இருபது, கணக்கில் வராத ஏதோ ஓர் அமிலம். இரண்டாவது கணக்கு: சோடியத்தை இரண்டால் பெருக்கு, 280. ரத்தச் சர்க்கரை 90ஐ 18ஆல் வகுத்தால் 5. யூரியா நைட்ரஜன் 14ஐ 2.8ஆல் வகுத்தால் 5. மொத்தம் 290. இது ரத்தத்தின் சவ்வூடு செறிவு இவ்வளவு இருக்கவேண்டும் என்கிற எதிர்பார்ப்பு. கருவி 340 என்று காட்டினால் 50 அதிகம். சாதாரணச் சாராயம் கலக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், அந்த ஐம்பதை மெத்தனாலுக்கு உரிய 3.2ஆல் பெருக்கினால் ஒரு டெசிலிட்டருக்கு 160 மில்லிகிராம்.

இவ்வளவும் எட்டாம் வகுப்புக் கணக்குதான். சிக்கல் இனிமேல்தான். நேரம் ஆக ஆக மெத்தனால் குறையும், அமிலம் கூடும். அதாவது இரண்டாவது எண் இறங்கும்போது முதல் எண் ஏறும். சீக்கிரம் வந்தவருக்கு முதல் கணக்கில் ஒன்றும் தெரியாது. தாமதமாக வந்தவருக்கு இரண்டாவது கணக்கு சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பினால் ஆள் போய்விடுவார். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கு இது பிடிபடாது. ஒரே கட்டத்தாளில் இறங்கும் கோடும் ஏறும் கோடும் வரைந்து, அவை வெட்டிக்கொள்கிற இடத்தைப் பார்த்துப் பழகியவருக்குச் சட்டென்று பிடிபடும். அமிலத்தன்மையும் அப்படித்தான். பிஎச் 7.4 இருக்கவேண்டிய இடத்தில் 7.1 என்று லேப் சீட்டு வருகிறது. "0.3தானே குறைந்திருக்கிறது" என்று நினைக்கிறவர் மடக்கை படிக்காதவர். அந்த 0.3க்குப் பொருள், ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்காகிவிட்டது என்பது.

அடுத்தது டயாலிசிஸ். மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கிற முறிமருந்து கொடுத்துவிட்டால் உடம்பு மெத்தனாலை மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். பாதியாகக் குறையச் சுமார் 50 மணி நேரம். டயாலிசிஸில் போட்டால் பாதியாகச் சுமார் 3 மணி நேரம். நம் ஆளுக்கு 160 இருக்கிறது, ஆபத்தில்லாத 20க்கு வரவேண்டும். 160, 80, 40, 20. மூன்று பாதி. முறிமருந்து மட்டும் என்றால் 150 மணி நேரம், ஆறு நாளுக்கு மேல். டயாலிசிஸ் என்றால் ஒன்பது மணி நேரம். ஒருவர் வந்தால் கேள்வியே இல்லை. ஒரே ராத்திரியில் பல பத்துப் பேர் வந்து, டயாலிசிஸ் மெஷின் விரல் விட்டு எண்ணக்கூடியதாக இருந்தால்? யாரை முதலில் மெஷினில் போடுவது, யாரை முறிமருந்தோடு காக்கவைப்பது, யாரை ஆம்புலன்ஸில் சேலத்துக்கு அனுப்புவது, போய்ச்சேருவதற்குள் என்ன ஆகும்? இதைப் போட்டுத் தீர்க்கிறவர் இருபத்து மூன்று வயது ஹவுஸ் சர்ஜனாகவும் இருக்கலாம், ஆறேழு வருடத்துக்கு முன்னால் "கணக்கு வராது" என்று குரூப் மாற்றிக்கொண்ட அதே பிள்ளை.

பேரிடர் நாளில் மட்டும் வருகிற கணக்கு என்று நினைக்கவேண்டாம். 500 மில்லி குளுக்கோஸ் நான்கு மணி நேரத்தில் ஏறவேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு இருபது சொட்டு. நிமிடத்துக்கு 42 சொட்டு. வார்டு சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கால் நிமிடத்துக்குப் பத்துப் பதினொன்று என்று எண்ணியே திருகைச் சரிசெய்துவிடுவார். பத்துக் கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150. ஐந்து மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 250 உள்ளது என்றால் 3 மில்லி. பாட்டில் மாறினால் டோஸ் இரட்டிப்பு. அம்மாவிடம் "ஒரு மூடி குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம், எந்தப் பாட்டிலில் ஒரு மூடி என்று கேட்பதில்லை. மொபைலில் ஆப் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். புள்ளி இடம் மாறி 6க்குப் பதில் 60 என்று வந்தால், அது அபத்தம் என்று திடுக்கிடுகிற மனது ஆப்பில் கிடையாது.

இவ்வளவும் கேட்ட பிறகு, "அப்படியானால் மருத்துவத்துக்குக் கணிதத்தைக் கட்டாயமாக்கிவிடலாமே" என்று தோன்றும். என் பதில், கூடாது என்பதுதான்.

கும்பகோணத்தில் ஒரு மாணவர் இருந்தார். கணக்கில் அவருக்கு இணை உலகத்திலேயே அப்போது சிலர்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வு எழுதினார். இரண்டு முறையும் தோல்வி. அவரைக் கவிழ்த்த பாடங்களில் முக்கியமானது உடலியல். ஆமாம், சீனிவாச ராமானுஜன் ஃபெயிலானது மனித உடம்பைப் பற்றிய பாடத்தில். எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் மேலே போகலாம் என்பது அன்றைய விதி. கணக்குப் போடுகிறவருக்குக் குடலைப் பற்றித் தெரியவேண்டாமா என்று அந்த விதியை எழுதியவரும் நியாயமாகத்தான் நினைத்திருப்பார். கட்டாயப் பாடம் என்பது யாரை உள்ளே விடும் என்று யோசித்து எழுதப்படுகிறது. யாரை வெளியே நிறுத்தும் என்பது பிறகுதான் தெரிகிறது.

நம் மாவட்டத்தில் வெளியே நிற்கப்போவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிமலைக்கு மேலே போய்ப் பாருங்கள். கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து விடுபட்டதே 1976இல்தான். கருணாபுரத்துக்குப் பிறகு, 2024இல், சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் சாலை, பள்ளி, மருத்துவமனை நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. மலைப்பிள்ளைகளின் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்குக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியானால், அந்த வருடம் ஃபர்ஸ்ட் குரூப் பெயரளவுக்குத்தான் நடக்கும். இந்த நிலையில் கணிதத்தைக் கட்டாயமாக்கினால், 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்குவதாகும். ஆணையமே நாளைக்குக் கொண்டுவந்தாலும் நான் எதிர்ப்பேன்.

வெளிநாடுகளிலும் இதற்கு ஒரே பதில் இல்லை. இலங்கையில் உயர்தரத் தேர்வில் உயிரியல் பிரிவு தனி, இணைந்த கணிதம் தனி. நம்மைப் போலவே மருத்துவத்துக்குக் கணிதம் வேண்டாம். அங்கே கணக்குப் புகுந்தது வேறு வழியில்: எழுபதுகளில் தரப்படுத்தல் என்ற பெயரில், மதிப்பெண்ணைத் திருத்தும் சூத்திரமாக. தமிழ் மாணவர்களுக்கு அது என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை. அமெரிக்காவில் பல கல்லூரிகள் ஒரு காலத்தில் நுண்கணிதம் கேட்டன. 2009இல் அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் சங்கமும் ஹோவர்ட் ஹியூஸ் நிறுவனமும் சேர்ந்து கொடுத்த அறிக்கை, எந்தப் பாடம் படித்தாய் என்று கேட்காதே, எண்களை வைத்து யோசிக்கத் தெரியுமா என்று கேள் என்றது. 2015இல் மாற்றியமைத்த அவர்களது நுழைவுத் தேர்வில் புள்ளியியல் சிந்தனைக்கு இடம் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்த திசை அதுதான்.

நுண்கணிதம் படித்தும் புள்ளியியல் வராமல் போகலாம் என்பதற்கு ஹார்வர்டே சாட்சி. 1978இல் அங்குள்ள மருத்துவர்கள், மாணவர்கள் 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. சோதனை, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை நோயாளி என்று தவறாகக் காட்டும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? அதிகம் பேர் சொன்ன பதில் 95 விழுக்காடு. ஆயிரம் பேரை நிற்கவைத்து எண்ணுங்கள்: உண்மை நோயாளி ஒருவர், பொய்யாகப் பாசிட்டிவ் காட்டப்படுகிறவர்கள் சுமார் 50 பேர். 51இல் ஒன்று, அதாவது 2 விழுக்காடு. சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். மலைக்கு முகாம் போகிற மருத்துவர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். பாசிட்டிவ் என்று ஒரு சீட்டைக் கொடுத்து "கள்ளக்குறிச்சிக்குப் போய்க் காட்டும்மா" என்று சொல்வது அவருக்கு ஒரு நிமிடம். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலியும், பஸ் செலவும், ஊரார் பார்வையும்.

இதே எண்கள் ஏழைக்கு என்ன நன்மை செய்யும் என்பதற்கு ஹார்வர்டு வரை போகவேண்டாம், சேத்துப்பட்டு போதும். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்துப் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டுத்தான் குணமாக்க முடியும் என்பது அன்றைய மருத்துவ வேதம். படுக்கைகளோ மிகக் குறைவு. மையத்தினர் நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்பில், அரைகுறைச் சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். 1959இல் வெளியான முடிவு: வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிந்ததில் சென்னையின் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. குலுக்கிப் பிரித்திருக்காவிட்டால், "வீட்டுக்குப் போனவர்களுக்கு நோய் லேசாக இருந்திருக்கும்" என்று ஒரே வரியில் அதை ஒதுக்கியிருப்பார்கள்.

இந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்கு எங்கே கற்பிக்கப்படுகிறது? எம்.பி.பி.எஸ்.ஸில் சமூக மருத்துவப் பாடத்தில் புள்ளியியல் உண்டு. தடிமனான புத்தகத்தில் மெல்லிய அத்தியாயம், தேர்வுக்கு முந்தைய ராத்திரி புரட்டுவது. நான் நடத்திய வகுப்புகளிலேயே அதிகம் பேர் கொட்டாவி விட்டது அந்த வகுப்பில்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் ஆரம்பிப்பது தாமதம். பிளஸ் ஒன்னில் ஆரம்பிக்கவேண்டும்.

வணிகவியல் குரூப்பைப் பாருங்கள். கடைக்கணக்கு எழுதப்போகிற பிள்ளைக்குப் பொதுக் கணிதம் அதிகப்படி என்று யாரோ யோசித்து, 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' என்று தனியாக ஒரு பாடம் வைத்தார்கள், தமிழிலேயே புத்தகமும் போட்டார்கள். வட்டிக்குக் காட்டிய இந்த அக்கறையை நாம் உயிருக்குக் காட்டவில்லை. பியூர் சயின்ஸ் பிள்ளைக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. டாக்டராகிறவருக்கு மட்டும் அல்ல, நர்ஸிங், பார்மசி, லேப் டெக்னீஷியன், கால்நடை, வேளாண்மை என்று போகிற பெரும்பாலான பிள்ளைகளுக்கும் அது வேண்டும்.

என்ன இருக்கவேண்டும்? அலகு மாற்றம், விகிதம், கரைசலின் செறிவு, மடக்கை, பாதியாகிற காலம், வரைபடம் படிப்பது, நிகழ்தகவு, மாதிரி எடுப்பது. முக்கோணவியல் தேற்றங்கள் வேண்டாம். நூறு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. எழுதுகிற குழுவில் கணக்கு வாத்தியார்களோடு வார்டில் வேலை பார்த்த ஒரு ஸ்டாஃப் நர்ஸும் ஒரு மருந்தாளுநரும் கட்டாயம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் தொட்டியில் தண்ணீர் நிரப்பும் கணக்காகப் போட்டுவிடுவார்கள். மதிப்பெண் எந்தக் கட்-ஆஃபிலும் சேரக்கூடாது. இதில் நான் பிடிவாதம். மதிப்பெண் சேர்ந்த மறுநாளே அதற்கும் கோச்சிங் சென்டர் முளைத்துவிடும்.

யார் நடத்துவது என்று தலைமை ஆசிரியர்கள் கேட்பீர்கள், ஆசிரியர் பற்றாக்குறை உங்களுக்குத்தான் தெரியும். இயற்பியல், உயிரியல் செய்முறைப் பீரியடுகளில் வாரம் ஒன்றை எடுத்துக்கொண்டால் தொடங்கலாம். சிறுவங்கூரில் நம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சமூக மருத்துவத் துறையின் மாணவர்கள் கிராமங்களுக்கும் முகாம்களுக்கும் எப்படியும் போகிறவர்கள்தான். போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறங்கி, ட்ரிப்ஸ் செட்டையும் இரண்டு சிரப் பாட்டிலையும் மேசைமேல் வைத்து ஒரு மணி நேரம் பேசினால் அவர்களுக்கும் அந்த மெல்லிய அத்தியாயம் மனதில் நிற்கும். மலைப் பள்ளிகளுக்கு முதலில் போகட்டும். ரோட்டோரப் பள்ளிகள் காத்திருக்கலாம். அரசாணை வரட்டும் என்று நிற்கவேண்டியதில்லை, இதற்கு ஆணையும் தேவையில்லை, நிதியும் பெரிதாகத் தேவையில்லை. சொட்டுக் கணக்குக்கு ஒன்று, பாதியாகிற காலத்துக்கு ஒன்று என்று மாதிரிப் பாடங்கள் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டும் என்கிற தலைமை ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். அதில் என்ன குறை என்று அடுத்த மாதத்துக்குள் எழுதினால் திருத்தித் தருகிறேன்.